நம் அடுக்களையில் கியூபாவின் இராப்போஜனம்

2005-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8-ஆம் தேதி, சர்வதேச மகளிர் தினத்தை முன்னிட்டு ஹவானா நகரில் கூடியிருந்த சபையின் முன்னே எழுந்து நின்ற ஃபிடல் காஸ்ட்ரோ, எழுபத்தெட்டு வயது நிரம்பியிருந்தும் வழக்கம்போல் பல மணி நேரம் பேசினார். ஆனால் ஏகாதிபத்தியத்துக்கு எதிரான கர்ஜனையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அன்று கூடவே கிடைத்தது, பிரஷர் குக்கரின் குணாதிசயங்களைப் பற்றிய விஸ்தாரமான பிரசங்கம். நாட்டின் குடும்பங்களுக்கெல்லாம் குறைந்த விலையில் பிரஷர் குக்கரும், மின்சாரத்தில் சோறாக்கும் பாத்திரமும் வழங்கப்படும் என்று அவர் அறிவித்தார். ஒரு தேசத்தின் தலைவர் மேடையேறிக் குக்கரைப் பற்றிப் பேசுவதாவது என்று வெளியூர்க்காரருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கியூபாவின் சாதாரண வீடொன்றில் அந்தி சாயும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அங்கே ராஜ்மா வேகவில்லையென்றால் அன்று இராச் சாப்பாடு இல்லை. ராஜ்மா வேக வேண்டுமென்றால் எரிபொருள் வேண்டும். எரிபொருளோ அந்தத் தீவில் எப்போதுமே ராஜாங்க விவகாரம்.

அயல்நாட்டுப் பதார்த்தங்களை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசை நம்மவர்களிடையே பெருகிவரும் இக்காலத்தில், இத்தாலியும் சீனமும் மெக்ஸிகோவும் நம் அடுக்களைக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்ட பிறகும், கியூபா இன்னும் வாசற்படியிலேயே நிற்கிறது. எங்கேனும் அது உள்ளே அழைக்கப்பட்டாலும், முழுப் பன்றியைச் சுட்டெடுக்கும் விருந்தாகவோ, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கிடையே இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் வைத்து அழுத்திய சாண்ட்விச்சாகவோதான் அழைக்கப்படுகிறது. இவையெல்லாம் உணவுவிடுதிகளின் கியூபா. வீட்டின் கியூபாவோ, சோறும் ராஜ்மாவும், அவித்த கிழங்கும் பொரித்த வாழைக்காயும், பக்கத்தில் ஒரு துண்டு வெண்ணெய்ப்பழமும் ஒரே தட்டில் சேர்ந்து அமர்ந்திருக்கும் சாதுவான போஜனம். இறைச்சி கிடைத்த நாளில் அதுவும் வந்து சேர்ந்துகொள்ளும், கிடைக்காத நாளில் அதைப்பற்றிப் பெரிதாக விசாரப்படுவாருமில்லை. ஆகையால் கியூபாவின் சமையலை இறைச்சியிலிருந்து தொடங்குகிறவர் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார் என்பதும், ராஜ்மாப் பானையிலிருந்து தொடங்குகிறவருக்கு மற்றவையெல்லாம் தாமாகவே வசப்படும் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இந்தத் தட்டில் இருக்கும் ஒவ்வொரு பண்டமும் அந்தத் தீவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அமெரிக்கக் கண்டத்தின் ஐந்நூறு வருஷச் சரித்திரமே பதிலாக வந்து நிற்கும். 1492 அக்டோபர் மாத இறுதியில் கொலம்பஸின் கப்பல்கள் கியூபாவின் கரையை அணுகியபோது, அங்கே வாழ்ந்த தாய்னோ ஜனங்களின் பிரதான ஆகாரம் மரவள்ளிக்கிழங்கு. அவர்கள் பயிரிட்ட ரகங்களில் சில விஷத்தன்மை மிகுந்தவை. அவற்றைத் துருவி, நீண்ட ஓலைப்பையில் அடைத்து, சாறு முழுவதும் வடியும்படி முறுக்கிப் பிழிந்து, எஞ்சிய மாவை மண்கல்லில் பரப்பி, தட்டையான அப்பமாகச் சுட்டு உண்டார்கள். மாதக்கணக்கில் கெடாத அந்தக் கசாபே அப்பத்தை ஸ்பானியர்களும் தங்கள் கப்பல் பிரயாணங்களுக்குக் கட்டுச்சோறாக எடுத்துச் சென்றார்கள். 1511-இல் தியேகோ வெலாஸ்கெஸ் வந்து குடியேற்றத்தைத் தொடங்கிய சில பத்தாண்டுகளுக்குள், நோயாலும் கொடுமையாலும் தாய்னோ சமூகம் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. அவர்களுடைய கிழங்கு அழியவில்லை. அரிசி, பன்றி, பூண்டு, வெங்காயம், சீரகம், கிச்சிலி வர்க்கப் பழங்கள் ஆகியவற்றை ஸ்பானியர்கள் கொண்டுவந்தார்கள். சர்க்கரைத் தோட்டங்களுக்காக விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் வெண்டைக்காயையும், வாழைக்காயை அவித்து மசிக்கும் பழக்கத்தையும் தங்களோடு கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு விடுதலை 1886-இல்தான் கிடைத்தது. 1847 முதல் 1874 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சீனர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள். ஹைத்தியில் 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது அங்கிருந்து தப்பியோடிய பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள், காப்பிப் பயிரோடு கியூபாவின் கிழக்கு மலைகளில் குடியேறினார்கள்.

ஃபெர்னாண்டோ ஒர்த்திஸ் என்ற கியூப அறிஞர், 1939-இல் ஹவானா சர்வகலாசாலை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவில், தம் தேசத்தை அஹியாக்கோ என்னும் கூட்டுக்குழம்புக்கு ஒப்பிட்டார். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் மக்காச்சோளமும் பூசணியும் வாழைக்காயும் சேம்பு வர்க்கத்துக் கிழங்குகளும் உப்புக்கண்டமும் ஒரே பானையில் கொதித்துக்கொண்டிருக்க, அடியில் கிடப்பது கரைந்து குழம்பாகிவிட, மேலே புதிதாய் விழுந்த துண்டுகள் இன்னும் தம் உருவத்தை இழக்காமலிருக்கும் அந்தப் பதார்த்தத்தைப்போலவே கியூபாவும் முடிவுபெறாமல் வெந்துகொண்டிருக்கும் தேசம் என்பது அவருடைய கருத்து. தத்துவத்தை அடுப்பங்கரையில் வைத்து விளக்கிய அறிஞர்கள் உலகத்தில் குறைவு. அவர்களில் ஒர்த்திஸுக்கு ஓர் உயர்ந்த ஸ்தானம் உண்டு.

நம்முடைய நாட்டுக்கும் இந்தத் தட்டுக்கும் உள்ள சம்பந்தமும் கற்பனையன்று. அமெரிக்கக் கண்டத்து மரவள்ளியைப் போர்த்துகீசியர் நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சகாலத்தில் ஜனங்களுக்குக் கைகொடுக்கும் என்று அதைப் பரவலாகப் பயிரிடச் செய்தார். அன்றைய திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த கன்னியாகுமரியில் மரச்சீனி என வழங்கும் அந்தக் கிழங்கும் மீன்குழம்பும் இன்றைக்கும் பிரிக்கமுடியாத ஜோடி. சேலத்திலோ அதே கிழங்கு ஜவ்வரிசித் தொழிலாகவே வளர்ந்து நிற்கிறது. எதிர்த்திசையில் போனது வாழை. ஆசியாவில் பிறந்து, ஆப்பிரிக்காவைக் கடந்து, கானரித் தீவுகளை அடைந்திருந்த வாழைக்கன்றுகளை 1516-இல் தோமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் கரீபியத் தீவுகளுக்கு எடுத்துச் சென்றதாகச் சரித்திரம் கூறுகிறது. கிழங்கு இங்கே வந்தது, வாழை அங்கே போயிற்று. ஆகவே கியூபாவின் இராச் சாப்பாட்டுக்கு வேண்டிய பொருள்களில் முக்கால்வாசியை நம் தெருமுனைக் காய்கறிக் கடையிலேயே வாங்கிவிடலாம்.

இனிச் சமையலுக்கு வருவோம். ஹவானா முதலிய மேற்குப் பகுதிகளில் கறுப்பு ராஜ்மாவே அரசு செலுத்துகிறது. சான்டியாகோ முதலிய கிழக்குப் பகுதிகளிலோ சிவப்பு ராஜ்மாவைச் சோற்றோடு சேர்த்துச் சமைக்கும் கொங்ரி என்னும் பதார்த்தம் பிரசித்தம். கறுப்பு ராஜ்மா நம் ஊரில் பெரிய கடைகளில் மட்டுமே அகப்படும். சிவப்போ எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். எனவே தமிழ் அடுக்களைக்குக் கிழக்குக் கியூபாவே உகந்த குரு என்பேன். நான்கு பேருக்கு இருநூறு கிராம் ராஜ்மாவை முதல் நாள் இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பாதிக் குடைமிளகாயும் ஒரு பிரிஞ்சி இலையும் போட்டுக் குக்கரில் வேகவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றுக்கு விஷம் என்பதால், விரலால் நசுக்கினால் நசுங்கும்வரை விடக்கூடாது. ஆனால் தோல் உரிந்து கூழாகியும் போகலாகாது. வெந்த பிறகு இருக்கும் செந்நிற நீரைக் கொட்டிவிடுகிறவருக்குக் கொங்ரி சித்திக்காது, ஏனெனில் சோற்றுக்கு நிறத்தையும் சாரத்தையும் கொடுக்கப்போவது அந்த நீரே.

அடுத்தது சோஃப்ரிட்டோ. கியூபாவின் சமையலில் இதுதான் ஜீவநாடி. நாம் கடைசியில் தாளித்துக் கொட்டுவதைப்போலன்றி, அவர்கள் முதலிலேயே, அடுப்பைத் தணித்து வைத்து, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அவசரப்படாமல் வதக்குகிறார்கள். பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, குடைமிளகாய் பாதி, நசுக்கிய பூண்டு ஐந்தாறு பல். இவை எண்ணெயில் நிறம் மாறாமல் தளர்ந்து, தம்முடைய நீரைவிட்டு, இனிப்பு வாடை கிளம்பும் தறுவாயில் ஒரு தேக்கரண்டி சீரகப்பொடியும் சிறிது ஓரிகனோ இலையும் சேரும். இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். கியூபாவில் சமையலுக்குப் பயன்படும் தடித்த இலையுள்ள ஓரிகனோ ஒன்று உண்டு; அது வேறெதுவுமில்லை, இருமலுக்கும் சளிக்கும் நம் பாட்டிமார் கஷாயம் வைத்துக் கொடுக்கும் ஓமவல்லிதான். கொல்லையில் வளர்ந்து கிடக்கும் அந்தச் செடியிலிருந்து இரண்டு இலைகளைக் கிள்ளிப் பொடியாக அரிந்து போட்டால், பீட்ஸா கடைப் பொட்டலத்து இலையைவிட மணம் தூக்கலாகவே இருக்கும். பன்றிக்கொழுப்பு அவர்களுடைய சம்பிரதாயம்; நமக்குக் கடலையெண்ணெய் போதும், ஆலிவ் எண்ணெய் இருந்தால் இன்னும் உத்தமம். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம். அதன் வாசனை சீரகத்தை அமுக்கிவிடும்.

இரண்டு கோப்பைப் பழைய பச்சரிசியைக் களைந்து வடித்து, இந்தச் சோஃப்ரிட்டோவில் புரட்டி, ஒவ்வொரு அரிசியின்மீதும் எண்ணெய் படிந்து மினுமினுத்த பிறகு, வெந்த ராஜ்மாவையும் அதன் நீரில் மூன்று கோப்பைக்குச் சற்று அதிகமாகவும் ஊற்றி, உப்பிட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடிவிட வேண்டும். இடையில் திறந்து கிளறுவது பாவம். இருபது நிமிஷம் கழித்துத் திறந்து, முள்கரண்டியால் மெல்லக் கிளறினால், சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல், பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு விசித்திரமான நிறத்தோடு உதிர்ந்து விழும். பாஸ்மதி இதற்கு ஒத்துவராது என்பது என் கட்சி. தன்னுடைய வாசனையை விட்டுக்கொடுக்காத அரிசி, கொங்ரியில் எஜமானனாக இருக்கப் பார்க்கும்.

கறுப்பு ராஜ்மா கிடைத்தவர்கள் அதைத் தனிக் குழம்பாகவே வைத்து வெள்ளைச் சோற்றின்மீது ஊற்றிக்கொள்ளலாம். முறை இதுவேதான், வெந்ததில் ஒரு கரண்டியை எடுத்து நன்றாக மசித்துத் திரும்பச் சேர்த்தால் குழம்பு தடித்துவிடும், இறக்கும் சமயத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சில துளி வினிகரும் விட வேண்டும். மறுநாள் இதற்கு ருசி கூடும்.

இந்தக் கட்டத்தில் நம்மவர்களின் கை தானாகவே மிளகாய்ப்பொடி டப்பாவை நோக்கி நீளும் என்பதை நான் அறிவேன். உஷ்ணப் பிரதேசத்துத் தீவாயிற்றே, காரமும் அப்படித்தானே இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் கியூபாவுக்குப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். அங்கே பெரும்பாலும் வழங்கும் மிளகாய் வாசனைக்காகவே வளர்க்கப்படுவது, காரம் அற்பம். காரத்தின் ஸ்தானத்தில் அவர்கள் வைத்திருப்பது புளிப்பையும் பூண்டையும். இவ்விரண்டையும் கஞ்சத்தனமில்லாமல் பிரயோகித்தால், மிளகாய் இல்லாத குறை நாக்குக்குத் தெரியாது.

அதற்குச் சாட்சி வேண்டுமானால் மரவள்ளிக்கிழங்கும் அதன்மேல் ஊற்றும் மோஹோ என்னும் பூண்டுச் சாறும் இருக்கின்றன. கிழங்கின் பழுப்புத் தோலையும் அதன் அடியிலிருக்கும் இளஞ்சிவப்புப் பட்டையையும் சேர்த்துச் சீவி, மூன்று விரல் நீளத் துண்டுகளாக்கி, திறந்த பாத்திரத்தில் ஏராளமான உப்புநீரில் வேகவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடுவது பாதுகாப்பானது. கசக்கும் கிழங்கை விலக்கிவிட வேண்டும். கொதிக்கும்போது நடுவில் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீரை ஊற்றி மறுபடியும் கொதிக்கவிடுவது கியூபப் பெண்களின் பக்குவம். அப்படிச் செய்தால் கிழங்கு நீளவாக்கில் தானே வெடித்து, பஞ்சைப் பிரித்தாற்போல் மலர்ந்துவிடும், நடுவிலுள்ள நரம்பை இரண்டு விரலால் உருவியெடுத்துவிடலாம். இதற்கிடையில் பூண்டு எட்டுப் பத்துப் பல்லைக் கல்லுப்போடு சிற்றுரலில் இடித்துக் களிம்பாக்கி, அதன்மேல் மெல்லிய வளையங்களாக அரிந்த வெங்காயத்தை வைத்து, கசப்பு நாரத்தையின் சாற்றைப் பிழிய வேண்டும். கியூபாவின் தோட்டங்களில் விளையும் அந்தக் கசப்பு நாரத்தை அகப்படாவிட்டால், ஆரஞ்சுச் சாறு பாதியும் எலுமிச்சைச் சாறு பாதியுமாகக் கலந்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பிறகு சிறிய இரும்புக் கரண்டியில் எண்ணெயைப் புகை கிளம்பும் தறுவாய்வரை காய்ச்சி, அந்தக் கிண்ணத்தில் ஒரே வீச்சாக ஊற்றினால், சுரீரென்று பொங்கி அடங்கும். பச்சைப் பூண்டின் முரட்டுத்தனம் அந்த நிமிஷத்தில் மாறி, வெங்காயம் பாதி வெந்தும் பாதி வேகாமலும் கண்ணாடிபோல் ஆகிவிடும். எண்ணெய் மிதமிஞ்சிக் காய்ந்து பூண்டு பழுத்துவிட்டால் கசக்கும், காயாவிட்டால் பச்சை வாடை போகாது. இதை ஆவி பறக்கும் கிழங்கின்மீது உடனே ஊற்றிவிட வேண்டும். கிழங்கின் வெடிப்புகளிலெல்லாம் புளிப்பும் உப்பும் இறங்கிக்கொள்ளும். கியூபாவின் சமையலில் ஒரேயொரு பதார்த்தத்தைக் கற்றுக்கொள்ளத்தான் நேரமிருக்கிறது என்று யாரேனும் சொன்னால், அவருக்கு நான் கொங்ரியைக்கூட விட்டுவிட்டு இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

வாழைக்காய்க்கு நேந்திரமே சரி. பச்சைக் காயை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி மிதமான எண்ணெயில் ஒருமுறை பொரித்து, சூட்டோடு சூடாக ஒரு கிண்ணத்தின் அடியால் அழுத்தித் தட்டையாக்கி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் மறுமுறை பொரித்து உப்புத் தூவினால் தோஸ்தோனெஸ். தோல் முழுவதும் கறுத்து, நம் வீட்டில் எறிந்துவிடும் நிலைக்கு வந்த பழத்தைச் சாய்வாக நறுக்கிச் சிறு தீயில் பொரித்தால் அது மதூரோஸ், சர்க்கரை சேர்க்காமலே பாகு கட்டும். இரண்டும் ஒரே தட்டில் வரத் தேவையில்லை.

இத்தனை மாற்றுப் பொருள்களைப் போட்டுவிட்டு இதைக் கியூபச் சமையல் என்று சொல்லிக்கொள்வது நியாயமா என்று கேட்பவர்களுக்கு, நீத்ஸா வில்லாபோல் என்ற அம்மையாரின் வாழ்க்கையே சமாதானம். 1923-இல் நியூயார்க்கில் கியூபப் பெற்றோருக்குப் பிறந்த அவர், தொலைக்காட்சி கியூபாவுக்கு வந்த மறுவருஷமாகிய 1951-இல் தம் சமையல் நிகழ்ச்சியைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். ‘கொசீனா அல் மினூத்தோ’ என்ற அந்த நிகழ்ச்சியின் பெயரிலேயே அவர் வெளியிட்ட புத்தகம், தீவில் தங்கிவிட்டவர்களின் வீட்டிலும், தீவைவிட்டு மயாமிக்கு ஓடிப்போனவர்களின் வீட்டிலும் பேதமின்றி இடம்பெற்றது. அரசியலில் எலியும் பூனையுமாயிருந்த இரு சாராரும் ஒரே புத்தகத்தைப் பார்த்தே ராஜ்மாவை வேகவைத்தார்கள். காஸ்ட்ரோவின் புரட்சிக்கு முன்பு, டப்பாப் பண்டங்கள் மலிந்திருந்த காலத்தில் எழுதிய செய்முறைகளை அவர் பிற்பாடு கூசாமல் திருத்தினார். 1962-இல் அமெரிக்கா வர்த்தகத் தடை விதித்தது. அதே வருஷம் கியூபாவில் ரேஷன் முறை பிறந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் லிப்ரேத்தா என்ற ஒரு சிறு புத்தகம்; அதைக் கொண்டுபோய்த் தெருவிலுள்ள கடையில் நீட்டி, ஆளுக்கு மாதம் ஏறத்தாழ மூன்று கிலோ அரிசி, சொற்பம் ராஜ்மா, சர்க்கரை, எண்ணெய், சில முட்டைகள் என்று வாங்கிவர வேண்டியிருந்தது. குடும்ப அட்டையோடு நியாயவிலைக் கடையில் நின்று பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு செய்முறைக்கு என்னென்ன பொருள் வேண்டும் என்று கேட்பதை விட்டு, கையிலிருக்கும் பொருளைக் கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்கவேண்டும் என்பதே வில்லாபோல் தாம் கைக்கொண்டதாகச் சொன்ன வழி.

அந்த வழி கடுஞ்சோதனைக்குள்ளானது 1991-இல். சோவியத் யூனியன் சரிந்தபோது, அதன் எண்ணெயையும் தானியத்தையும் நம்பியிருந்த கியூபா ஒரே வீழ்ச்சியாய் விழுந்தது. அரசு அதற்குச் ‘சமாதான காலத்தின் விசேஷ கட்டம்’ என்று நாசூக்காகப் பெயர் சூட்டியது. ஜனங்கள் பசி என்றார்கள். 1991-க்கும் 1995-க்கும் இடையில் ஜனங்களின் உடல் எடை சராசரியாக ஐந்து கிலோவுக்கு மேல் குறைந்ததாகப் பின்னர் வைத்திய ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். ஊட்டச்சத்துக் குறைவினால் ஐம்பதினாயிரம் பேர் அளவில் கண்பார்வையும் நரம்பும் பாதிக்கப்பட்ட ஒரு வியாதியும் 1992, 1993-இல் பரவிற்று. அந்நாட்களில் கியூப அடுக்களைகளில் வாழைக்காய்த் தோலைக் கொத்துக்கறியாகச் சமைத்தார்கள், பம்ப்ளிமாஸ் தோலின் வெள்ளைப் பகுதியை ரொட்டித்தூளில் புரட்டி இறைச்சிபோலப் பொரித்தார்கள். இந்த இரண்டாவது பதார்த்தத்தை வில்லாபோலே தொலைக்காட்சியில் கற்பித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அதை மறுப்பவர்களும் உண்டு. அவரைப் பரிகசித்தவர்களும் வைதவர்களும் அநேகர். இல்லாமையை அலங்கரித்துக் காட்டினார் என்பது அவர்மேல் உள்ள குற்றச்சாட்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கக்கூடும். ஆயினும், அடுப்பின்முன் நின்ற கோடிக்கணக்கான வேளைகளில் கியூபப் பெண்களுக்குக் கைகொடுத்தது யார் என்று கேட்டால், அரசும் அதை எதிர்ப்பவர்களும் வாய்மூடிவிடுவார்கள். வில்லாபோலின் பெயர்தான் எஞ்சும். அவர் 1998-இல் ஹவானாவில் காலமானார்.

இறைச்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரோப்பா வியேஹா என்று உலகெங்கும் கியூபாவின் அடையாளமாகக் கொண்டாடப்படும் பதார்த்தம், நன்றாக வேகவைத்து நார்நாராகப் பிய்த்த மாட்டிறைச்சியைத் தக்காளியும் குடைமிளகாயும் சேர்ந்த சோஃப்ரிட்டோவில் ஊறவைப்பது. அதில் ஒரு விபரீதம் என்னவென்றால், அரசின் அனுமதியின்றி மாட்டை அறுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகப் பல பத்தாண்டுகள் இருந்துவந்த அந்தத் தீவிலேயே — 2021-இல்தான் சில நிபந்தனைகளோடு அது தளர்த்தப்பட்டது — சாமான்யர் அதைக் கண்டு வருஷக்கணக்காயிற்று. உணவுவிடுதிகளில் ஆட்டிறைச்சியிலும் அதைச் செய்கிறார்கள். ஆகவே நம் வீட்டில் ஆட்டின் தொடைக்கறியைக் குக்கரில் பஞ்சாக வேகவைத்துப் பிய்த்துச் செய்தால் யாரும் குறைகூற முடியாது. கொத்துக்கறி விரும்பிகள், அதே சோஃப்ரிட்டோவில் உருளைக்கிழங்கும் உலர்திராட்சையும் ஆலிவ் காயும் சேர்த்துப் பிகாதியோ செய்யலாம். இனிப்பும் உப்பும் கலந்த அந்த ருசி, ஸ்பெயினின் பகுதிகளை எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட முஸ்லிம்கள் விட்டுப்போன சொத்து. முழுப்பன்றி கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவுக்கு உரியது. பத்து மில்லியன் டன் சர்க்கரை என்ற லட்சியத்தை எட்ட வேண்டுமென்று 1969-இல் காஸ்ட்ரோ அந்தப் பண்டிகை விடுமுறையையே ரத்துச் செய்தார்; கிடைத்தது எட்டரை மில்லியன் டன். விடுமுறை திரும்பி வந்ததோ, போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலின் வருகையை ஒட்டி, 1997-இல்.

மீன் உண்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்லாமல் விடுவது துரோகம். தீவின் கிழக்குக் கோடியிலுள்ள பராக்கோவா என்ற ஊர், ஸ்பானியர் அமைத்த முதல் குடியேற்றமாயிருந்தும், மலைகளால் மறிக்கப்பட்டு, 1960-களில் மலைப்பாதை போடப்படும்வரை பெரும்பாலும் கடல் வழியாகவே அடையக்கூடியதாயிருந்தது. அந்தத் தனிமையில் அங்கே ஒரு தனிச் சமையல் வளர்ந்தது. கியூபாவின் மற்றப் பகுதிகளில் அரிதாகவே காணும் தேங்காய்ப்பால் அங்கே மீனுக்கும் நண்டுக்கும் நித்திய துணை. பூண்டு, வெங்காயம், குடைமிளகாய், நிறத்துக்குச் சிறிது அன்னாட்டோ என்னும் சாப்பிரா வித்து. அதன்மேல் கெட்டித் தேங்காய்ப்பால். அதில் வஞ்சிர மீன் துண்டுகள் பத்து நிமிஷம். புளி இல்லை, மல்லி இல்லை, மிளகாய் இல்லை. நம் மீன்குழம்பைப் பார்த்துப் பழகிய நாக்குக்கு முதல் கவளம் சப்பென்றிருக்கலாம். இரண்டாவது கவளத்தில் மீனின் ருசியே முன்னுக்கு வரும்.

சைவர்கள் இதையெல்லாம் தாண்டிப் போகலாம், ஒரு நஷ்டமுமில்லை. கொங்ரி, மோஹோ ஊற்றிய மரவள்ளி, பொரித்த வாழை, எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்த வெண்ணெய்ப்பழம் என்ற நான்கும் சேர்ந்தாலே பூரணமான சாப்பாடு. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் விளையும் வெண்ணெய்ப்பழம் இப்போது நம் சந்தைகளில் தாராளமாகவே வருகிறது. முடிவில் இனிப்பாக, கொய்யாவின் விதைப்பகுதியை வழித்தெறிந்துவிட்டு வெளிச்சதையை மட்டும் பட்டையிட்ட சர்க்கரைப்பாகில் மெல்ல வேகவைத்து, ஆறியபின் ஒரு துண்டு உப்புப் பாலாடைக்கட்டியோடு பரிமாறுவது அவர்கள் வழக்கம். அதன் பிறகு சிறு கிண்ணத்தில் கறுப்புக் காப்பி. ரேஷனில் வரும் காப்பித்தூளில் வறுத்த பட்டாணியைக் கலந்துவிடுகிறார்கள் என்பது கியூபாக்காரர்களின் நிரந்தரமான புலம்பல். சிக்கரி கலந்த காப்பியைச் சிலாகித்துக் குடிக்கும் நமக்கு அதைக் கேட்டுச் சிரிக்க யோக்கியதை இல்லை.

காஸ்ட்ரோ வழங்கிய குக்கர்களின் கதை என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண்ணெண்ணெயைக் கைவிட்டு மின்சாரத்தை நம்பி வந்த வீடுகளுக்கு, மின்சாரம் போனால் அடுப்பும் போயிற்று. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி நாட்டின் பெரிய மின்நிலையம் ஒன்று நின்றுபோய், தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. குளிர்பெட்டியில் சேமித்திருந்த இறைச்சி கெடுவதற்குள் ஜனங்கள் கரியும் விறகும் மூட்டி வாசலில் சமைத்தார்கள். அதன் பிறகும் அத்தகைய இருட்டு பலமுறை திரும்பி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் உலகத்துக்கே சர்க்கரை ஏற்றுமதி செய்த அந்தத் தேசம் இன்று சர்க்கரையை இறக்குமதி செய்கிறது. ரேஷனில் ஆளுக்குத் தினம் ஒன்றாகக் கிடைத்துவந்த எண்பது கிராம் ரொட்டியும் 2024-இல் அறுபது கிராமாகக் குறைக்கப்பட்டது.

வாசகர்கள் இதைச் செய்து பார்க்க விரும்பினால் சனிக்கிழமை இரவு படுக்கப் போவதற்கு முன் இருநூறு கிராம் ராஜ்மாவை ஊறப் போடுங்கள். ஞாயிறு காலையில் சந்தைக்குப் போகிறவரிடம் இளசான மரவள்ளிக்கிழங்கு ஒரு கிலோ, பச்சை நேந்திரன் மூன்று, ஆரஞ்சு இரண்டு, எலுமிச்சை நான்கு என்று எழுதிக் கொடுங்கள். பூண்டு வீட்டில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகவே வாங்கிவரச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு அடுப்பை மூட்டினால் எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். மிளகாய்ப்பொடி டப்பா அன்று ஒரு வேளை அலமாரியிலேயே இருக்கட்டும்.